20 மில்லிமீட்டர் அகலத் துணி

கடிகாரத்தை வாங்கிய நாளில், அதன் இயந்திரம் ஒருமுறை முழுதாக முறுக்கினால் 70 மணி நேரம் ஓடும் என்பதையும், 200 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது என்பதையும், உத்தரவாதம் 5 ஆண்டுகள் என்பதையும் விற்பனையாளர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பட்டையைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் சேர்த்து வைத்த பணத்தில் வாங்கிய, டியூடர் என்ற சுவிஸ் நிறுவனத்தின் பிளாக் பே ஃபிஃப்டி எய்ட் அது. பழுப்பு நிறத் தோல்பட்டையோடு கண்ணாடிப் பேழைக்குள் பார்த்தபோது மிக அழகாக இருந்ததால், அந்தப் பட்டையோடேயே வாங்கி வந்துவிட்டேன்.

அந்தத் தோல் சென்னையின் ஒரு கோடையைக்கூடத் தாங்கவில்லை. ஏப்ரலில் உட்புறம் கறுக்கத் தொடங்கியது, மே மாத நடுவில் கையை முகத்தருகே கொண்டுவந்தாலே வியர்வை வாடை அடித்தது, ஜூன் மாதத்தில் ஓரத்து மெருகு வெடித்துப் பட்டை வறட்டி போல விறைத்துவிட்டது. மயிலாப்பூரில் ஒரு மாடிப்படியின் அடியில் கடை வைத்திருக்கும் வயதான கடிகாரக்காரரிடம் காட்டினேன். பட்டையைக் கையில் வாங்கி ஒருமுறை மடக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, தோல் இந்த ஊருக்கு ஆகாது. ஒண்ணு செயின் போடுங்க, இல்லைன்னா துணி போடுங்க" என்றார். காலையில் சரியாக இருக்கும் எஃகுச் செயின் மதிய வெயிலில் மணிக்கட்டு சற்று வீங்கியதும் இறுகிப்போவதை முன்பு வேறொரு கடிகாரத்தில் அனுபவித்திருக்கிறேன் என்பதால், துணியைத் தேர்ந்தெடுத்தேன். அப்போது தொடங்கிய தேடல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துணிப்பட்டை வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் சில லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு பொருள் கையிலிருந்து விழாமல் இருப்பது, அதன் விலையில் நூறில் ஐந்து பங்குகூட ஆகாத ஒரு துண்டுத் துணியையும், அந்தத் துணி சுற்றிவரும் இரண்டு மெல்லிய கம்பிகளையும் நம்பித்தான். எனவே அந்தத் துணி எப்படி நெய்யப்பட்டிருக்கிறது, கடிகாரத்தை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே நிறத்துக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிடிப்பில் தொடங்குகிறேன். கடிகாரத்தின் உடலிலிருந்து மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளை லக் என்பார்கள். இரண்டு லக்குகளுக்கு நடுவே, உள்ளே சுருள்வில் வைத்த ஒரு சிறு கம்பி இருக்கும். ஸ்பிரிங் பார் என்று அதற்குப் பெயர், நம் ஊர்க் கடைகளில் பின் என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பின்னின் இரு முனைகளும் லக்கின் உட்புறத்தில் உள்ள நுண்ணிய குழிகளில் பதிந்திருப்பதே கடிகாரத்துக்கும் பட்டைக்கும் உள்ள ஒரே தொடர்பு. இரு துண்டுகளாக வரும் பட்டையில், ஒரு பின் கழன்றாலும் கடிகாரம் கீழே விழுந்துவிடும். ஒரே நீளமாக வந்து மேல் பின்னுக்கு அடியில் நுழைந்து, கடிகாரத்தின் முதுகை ஒட்டிச் சென்று, கீழ்ப் பின்னுக்கு அடியில் வெளிவரும் பட்டையில், ஒரு பின் கழன்றாலும் கடிகாரம் மற்றொரு பின்னில் தொங்கிக்கொண்டு கையிலேயே இருக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கிண்டியில் மின்சார ரயிலிலிருந்து இறங்கும் நெரிசலில், பக்கத்தில் நின்றவரின் தோள்பையின் வார் என் கடிகாரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு இழுத்தது. 'டிக்' என்ற மெல்லிய ஒலி மட்டும் கேட்டது. நடைமேடையில் ஓரமாக ஒதுங்கிப் பார்த்தபோது மேல் பின் எங்கோ தெறித்துப் போயிருந்தது. கடிகாரம் ஒரு பக்கம் சாய்ந்து பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புவரை நான் அணிந்திருந்தது இரு துண்டுப் பட்டை. அன்று அது கையில் இருந்திருந்தால், கடிகாரம் நடைமேடைக்கும் ரயில் பெட்டிக்கும் இடையிலான இடைவெளியில் விழுந்திருக்கும். அன்றிலிருந்து வெளியே போகும்போது ஒற்றை நீளப் பட்டையைத் தவிர வேறெதையும் நான் அணிவதில்லை.

ஒற்றை நீளப் பட்டைகளில் உலகெங்கும் பெயர் பெற்றது நேட்டோ பட்டை. பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம் 1973 இல் வெளியிட்ட டெஃப்ஸ்டான் 66-15 என்ற தரக்குறிப்பில் அதன் அளவுகள் வரையறுக்கப்பட்டன: சாம்பல் நிற நைலான், 20 மில்லிமீட்டர் அகலம், 280 மில்லிமீட்டர் நீளம். ராணுவக் கிடங்கிலிருந்து அதைப் பெற வீரர்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்தின் எண் ஜி1098 என்பதால் ஜி10 என்ற பெயரும் அதற்கு வந்தது. நேட்டோ என்ற பெயரோ, பொருள்களுக்கு அந்தக் கூட்டணி கொடுக்கும் சரக்கு எண்ணிலிருந்து பின்னால் ஒட்டிக்கொண்டது. அந்தப் பட்டையில் நீளமான பட்டைக்கு அடியில் இன்னொரு குட்டைப் பட்டை தைக்கப்பட்டு, அதன் நுனியில் ஓர் உலோக வளையம் இருக்கும். கடிகாரம் நீளப் பட்டையின் மேல் முன்னும் பின்னும் நழுவாமல் ஓரிடத்தில் நிற்பதற்காக அந்த ஏற்பாடு. முரட்டுத்தனமாகக் கையாளப்படும் கடிகாரத்துக்காகச் சிந்தித்துச் செய்த வடிவம் என்பது அணிந்து பார்த்தாலே தெரியும்.

ஆனால் ராணுவத்துக்குப் பொருந்தியது எனக்கு முழுதாகப் பொருந்தவில்லை, காரணம் தடிமன். நல்ல நைலான் பட்டை ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் கனம் இருக்கும். நேட்டோ பட்டையில் கடிகாரத்தின் முதுகுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு சுற்றுகள் வருகின்றன. என் கடிகாரத்தின் கனம் 11.9 மில்லிமீட்டர், அதோடு 2.4 சேர்ந்தால் 14 மில்லிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. என் மணிக்கட்டின் சுற்றளவோ பதினாறரை சென்டிமீட்டர்தான். சட்டைக் கையின் பட்டி கடிகாரத்தின் மேல் ஏற மறுத்தது. போதாததற்கு, 280 மில்லிமீட்டர் நீளம் சிறிய மணிக்கட்டுக்கு அதிகமாகிவிடுவதால், மீதி நுனியை மடித்து உலோக வளையத்துக்குள் திருப்பிச் செருக வேண்டியிருந்தது. கணினி முன் அமர்ந்தால் அந்த மடிப்பு மேசையில் உரசிக்கொண்டே இருந்தது. பெரிய மணிக்கட்டும் மெல்லிய கடிகாரமும் உள்ளவர்களுக்கு நேட்டோ பட்டை மிகப் பொருத்தமாக இருக்கும். மற்றவர்கள், குட்டைப் பட்டை இல்லாமல் ஒரே சுற்றாக வரும் பட்டையைத் தேடுவது நல்லது. நேட்டோ பட்டையை வாங்கி அடிப்பட்டையை மட்டும் கவனமாக வெட்டி எடுத்துவிடுபவர்களும் உண்டு. பின் கழன்றாலும் பிடித்துக்கொள்ளும் குணம் அதனால் குறைவதில்லை.

ஒற்றைச் சுற்றுப் பட்டைகளைத் தேடும்போதுதான் நான் வாங்கிய கடிகாரத்தின் நிறுவனமே துணிப்பட்டை விஷயத்தில் எவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது தெரியவந்தது. டியூடர் தன் துணிப்பட்டைகளை ஃபிரான்ஸின் செயின்ட் எத்தியன் பகுதியில் உள்ள ஜூலியன் ஃபோர் என்ற குடும்ப நிறுவனத்திடம் நெய்யக் கொடுக்கிறது. 1864 இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் ரிப்பன் நெய்வதையே தொழிலாகக் கொண்டது. கடிகாரப் பட்டைகளை அவர்கள் ஜக்கார்டு தறிகளில் நெய்கிறார்கள். ரிப்பன் நெசவுக்குப் பெயர் போன ஊர்ப்பகுதி அது.

ஜக்கார்டு என்ற சொல் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அந்நியமானதன்று. லியோன் நகரத்து ஜோசஃப் மரி ஜக்கார்டு 1804 இல் உருவாக்கிய, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு எனப்படும் நீளவாட்டு இழைகளைத் தூக்கி இறக்கும் அந்த அமைப்பு, பட்டுத் தறிகளின் மேல் ஜக்கார்டு பெட்டியாக உட்கார்ந்திருப்பதைச் சிறு வயதில் என் தாய்மாமா வீட்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாமா நாற்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்தவர். டியூடர் நிறுவனத்தின் துணிப்பட்டையை வாங்கிய பிறகு ஒரு விடுமுறைக்குக் காஞ்சிபுரம் போனபோது, கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. பட்டையின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நீவினார். பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"இது தறியிலேயே இந்த அகலத்துக்கு நெய்ஞ்சது. பாரு, ஊடை ஓரத்துல திரும்பி வந்திருக்கு. கரை தானா அடைஞ்சிருக்கு."

என் பையில் முன்பு வாங்கிய இன்னொரு மலிவான கேன்வாஸ் பட்டை இருந்தது. அதையும் எடுத்துக் கொடுத்தேன். அதே நகம், அதே நீவல். ஓரத்தில் இரண்டு இழைகள் எழுந்து நின்றன.

"இது பெரிய துணியில வெட்டி, மடிச்சுத் தச்சிருக்காங்க மாப்பிள்ளை. தையல் விட்டா துணியும் விட்டுரும்."

துணிப்பட்டையைத் தேர்வதில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பாடம் அந்த ஐந்து நிமிடங்களில் கிடைத்தது. ஊடை எனப்படும் குறுக்கு இழை ஓர் ஓரம்வரை சென்று, அங்கே பாவைச் சுற்றித் திரும்பி மறு ஓரத்துக்கு வரும்போது, துணியின் ஓரம் தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறது. அதுதான் கரை. அந்த அகலத்துக்கென்றே நெய்யப்பட்ட பட்டையில் இரு புறமும் கரை இருக்கும், அது பிரியாது. அகலமான துணியிலிருந்து வெட்டிய பட்டையில் ஓரத்து ஊடை இழைகள் எல்லாம் அறுபட்டவை. அவற்றைத் தையலோ, பசையோ, சூட்டில் உருக்கிய விளிம்போதான் பிடித்துவைக்க வேண்டும். உருக்கிய விளிம்பு விரலுக்குச் சொரசொரவென்று கண்ணாடிச் சில் போலத் தட்டுப்படும். நாள் முழுக்க மணிக்கட்டின் உட்புறத்து மென்மையான தோலில் அது உரசுவதை உணரலாம். எனவே பட்டையைக் கையில் எடுத்தால் முதலில் ஓரத்தை நகத்தால் நீவிப் பாருங்கள். இணையத்தில் வாங்குவதாக இருந்தால், ஓரம் தெளிவாகத் தெரியும் அண்மைப் படத்தை விற்பவர் போட்டிருக்கிறாரா என்று தேடுங்கள். நல்ல கரை உள்ளவர்கள் அதை மறைப்பதில்லை.

கரைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது துளைகள். நைலானில் துளைகளைச் சூடான முனையால் உருக்கித்தான் போடுகிறார்கள். நன்றாகச் செய்தால் துளையின் விளிம்பு இழைகள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரு சிறு வளையம்போல் உறுதியாகிவிடும். அவசரமாகச் செய்த பட்டையில் ஒரு பக்கம் உருகியும் மறுபக்கம் இழை நீட்டிக்கொண்டும் இருக்கும், கொக்கியின் முள் ஒவ்வொரு நாளும் குத்தி இழுக்கும் இடம் அதுதான் என்பதால், பட்டை முதலில் பழுதாவதும் அங்கேதான். துளைகளுக்கு இடையிலான தூரத்தையும் பாருங்கள். தூரம் அதிகமாக இருந்தால், ஒரு துளையில் இறுகும், அடுத்த துளையில் தொளதொளக்கும்; நடுவில் வழியே இருக்காது.

துளையே இல்லாத பட்டையும் ஒன்று உண்டு. இழைகளைக் கூந்தல்போல் பின்னிச் செய்த பெர்லான் பட்டையில் கொக்கியின் முள் எந்த இடத்திலும் இழைகளை விலக்கிக்கொண்டு நுழையும். பெர்லான் என்பது 1938 இல் ஜெர்மனியில் பால் ஷ்லாக் உருவாக்கிய நைலான் 6 என்ற இழையின் வணிகப் பெயர். அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935 இல் கண்ட நைலானுக்கு ஐரோப்பாவின் பதிலாக வந்தது. மிக மெல்லியது, எடையே தெரியாது, பின்னலின் இடைவெளிகளில் காற்று புகும். சென்னையின் மே மாதத்துக்கு இதைவிட ஏற்ற பட்டையை நான் அணிந்ததில்லை. ஆனால் ஆழ்கடல் கடிகாரத்தின் கனத்துக்கு முன்னால் அது மெலிந்து தெரிகிறது, முள் திரும்பத் திரும்ப நுழையும் இடம் மெல்லத் தளர்ந்தும் போகிறது. மெல்லிய பழைய கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். என் கடிகாரத்துக்கு வீட்டில் இருக்கும் நாள்களில் மட்டும் போடுகிறேன்.

இழையின் வகையைப் பற்றிச் சொல்லும்போது ஈரத்தைப் பேசாமல் இருக்க முடியாது. வழக்கமான பரிசோதனை நிலையில் பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நைலான் ஏறத்தாழ 4 சதவீதம். பாலியஸ்டர் அரை சதவீதத்துக்கும் குறைவு. பருத்திக் கேன்வாஸ் தோலுக்கு இதமாக இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் கடற்கரை நகரத்தின் வியர்வையைக் குடித்துவிட்டு மாலை வரை அது உலராது. வாடையும் அங்கேயே தங்கிவிடும். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருந்தால் கேன்வாஸை மறுக்க மாட்டேன். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் நைலானோ பாலியஸ்டரோதான் சரி. செயில்கிளாத், அதாவது பாய்மரத் துணி, என்ற பெயரில் விற்கப்படும் பட்டைகளில் பெரும்பாலானவை செயற்கை இழைத் துணியைத் தோலின் மீதோ ரப்பரின் மீதோ ஒட்டித் தைத்தவை. அடியில் தோல் இருந்தால், மேலே எவ்வளவு நல்ல துணி இருந்தாலும் எனக்கு நேர்ந்த கதிதான் அதற்கும் நேரும். திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

அகலத்தில் சமரசமே கூடாது. லக்குகளுக்கு நடுவே உள்ள தூரம் என் கடிகாரத்தில் 20 மில்லிமீட்டர். பட்டையும் 20 ஆகத்தான் இருக்க வேண்டும். 1964 இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஷான் கானரியின் ரோலெக்ஸ் கடிகாரம் கோடு போட்ட நைலான் பட்டையில் இருக்கும். அந்தப் பட்டை லக்குகளின் இடைவெளியைவிடக் குறுகலானது என்பதால் இரு புறமும் பின் பளிச்சென்று தெரியும். அந்தக் காட்சியால் கோடு போட்ட பட்டைக்குக் கிடைத்த புகழ் இன்றுவரை குறையவில்லை. ஆனால் குறுகலான பட்டை பின்னின் மீது பக்கவாட்டில் நழுவும். 22 மில்லிமீட்டர் பட்டையை 20 இல் அழுத்திச் செருகினாலோ, ஓரம் கசங்கி லக்கின் உட்பக்கத்தை ஓயாமல் தேய்க்கும். உங்கள் கடிகாரம் 19 அல்லது 21 மில்லிமீட்டர் அகலம் உள்ளதாக இருந்தால், அந்த அளவிலேயே நெய்பவர்களைத் தேடிப் பிடியுங்கள். கிடைப்பது அரிதுதான், ஆனால் கிடைக்கும்.

பின்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரயில் நிலையத்தில் எனக்குத் தெறித்துப் போனது கடிகாரத்தோடு வந்த பின் அன்று. மலிவான பட்டையோடு இலவசமாக வந்த பின். ஒற்றை நீளப் பட்டையைப் போட்டபோது அந்தப் பழைய பின்னையே அப்படியே விட்டுவைத்திருந்தேன், அது என் கவனக்குறைவு. இலவசப் பின்கள் பெரும்பாலும் மெல்லியவை, உள்ளே உள்ள சுருள்வில்லும் வலுவற்றது. கடிகார நிறுவனத்தின் பின்னையோ, அதே கனமுள்ள நல்ல பின்னையோதான் போட வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பின்னுக்கும் கடிகாரத்தின் உடலுக்கும் இடையே உள்ள சந்து. தடித்த பின்னைப் போட்டால் அந்தச் சந்து குறையும். தடித்த பட்டையை அதற்குள் பலவந்தமாக இழுத்தால் பின் சதா அழுத்தத்திலேயே இருக்கும். பட்டை விரலால் இழுத்தாலே சற்றுத் தயங்கி, பிறகு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். குறடு கொண்டு இழுக்க வேண்டியிருந்தால் அந்தப் பட்டை அந்தக் கடிகாரத்துக்கு உரியதன்று.

பின்னையே கழற்ற முடியாதபடி, கம்பியை உடலோடு சேர்த்தே செய்த கடிகாரங்களும் இருக்கின்றன. பிரெஞ்சுக் கடற்படைக்காக டியூடர் 2021 இல் வெளியிட்ட பெலகோஸ் எஃப்எக்ஸ்டி அப்படிப்பட்டது. அதன் பெயரே நிலையான கம்பியைக் குறிப்பது. அந்தக் கடற்படைக்கு முன்பெல்லாம் கடிகாரங்கள் பட்டை இல்லாமலே அனுப்பப்பட்டன. அங்குள்ளவர்களே பாராசூட் நாடாவைக் கொண்டு பட்டை செய்துகொண்டார்கள். அப்படிப்பட்ட கடிகாரத்தில் வழக்கமான இரு துண்டுப் பட்டை போகாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அந்தப் பாராசூட் நாடாவின் வழியில் வந்த இழுபடும் பட்டைகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. மணிக்கட்டு வீங்கினால் தானும் விரிந்து கொடுக்கும் என்பதால் வெயில் ஊருக்கு ஏற்றவை. நாளடைவில் இழுவை தளர்ந்துவிடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெல்க்ரோ பட்டையை ஏளனமாகப் பார்ப்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். நிலவில் நடந்தவர்கள் விண்வெளி உடையின் தடித்த கைக்கு மேல் கடிகாரத்தைக் கட்டியது நீண்ட வெல்க்ரோ பட்டையால்தான். 1971 இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் அணிந்திருந்த புலோவா கடிகாரம் 2015 இல் 16 லட்சம் டாலருக்கும் அதிகமாக ஏலம் போனது; அதுவும் வெல்க்ரோ பட்டையில் இருந்ததுதான். ஒரு கையால் இறுக்கித் தளர்த்த அதைவிட எளியது இல்லை. பருத்தித் துணிகளில் ஒட்டி இழையை இழுப்பது ஒன்றே எனக்கு அதில் உள்ள குறை.

இனி, கீறலைப் பற்றி. பட்டையைத் தேர்ந்தெடுக்கும்போதே அதை மாற்றும் முறையையும் நினைக்க வேண்டும் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு வருத்தமான காரணம் இருக்கிறது. முதல் முறை பட்டையை மாற்ற ஒரு வணிக வளாகத்துக் கடைக்குக் கொடுத்தேன். அங்கிருந்த இளைஞர் பேனாக்கத்தியின் முனையைப் பின்னுக்கும் லக்குக்கும் நடுவே நுழைத்து நெம்பினார். தடுக்க எனக்கு நேரமில்லை. லக்கின் உட்புறத்தில் தொடங்கி விளிம்பைத் தாண்டி வெளியே வந்த கீறல் இன்றும் இருக்கிறது. விளக்கின் கீழ் கையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் என் கண் அங்கேதான் போகிறது.

அதன் பிறகு இந்த வேலையை நானே செய்கிறேன். சுவிட்சர்லாந்தின் பெர்ஷான் நிறுவனம் செய்யும் 6767 என்ற எண்ணுள்ள கருவி ஒரு முனையில் சிறு கவட்டையோடும் மறு முனையில் ஊசியோடும் இருக்கும். மேசையில் மடித்த துவாலையை விரித்து, கடிகாரத்தைக் குப்புற வைத்து, நான்கு லக்குகளின் உட்புறத்திலும் மேற்பரப்பிலும் மெல்லிய ஒட்டுநாடாவை ஒட்டிவிடுகிறேன். கவட்டையைப் பின்னின் கழுத்தில் பொருத்தி உள்நோக்கி அழுத்தும்போது, மற்றொரு கையின் கட்டைவிரலைப் பின்னின் மேல் வைத்திருப்பேன். சுருள்வில் விடுபட்டுப் பின் பறந்து போகாமல் இருக்க அது உதவும். திரும்பப் போடும்போது, இரு முனைகளும் குழிகளில் உட்கார்ந்தனவா என்று தெரிய, பின்னை விரல் நகத்தால் இரு பக்கமும் தள்ளிப் பார்த்து, பிறகு பட்டையைப் பிடித்து நன்றாக இழுத்தும் பார்க்கிறேன். அந்த ஒரு இழுப்பு இல்லாமல் கடிகாரத்தைக் கையில் கட்டுவதில்லை.

இங்கேதான் ஒற்றை நீளப் பட்டை மீண்டும் கைகொடுக்கிறது. பின்களைத் தொடாமலேயே அதை உருவி எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். கருவி லக்கின் அருகே போகும் தேவையே இல்லை என்றால், கீறலுக்கும் வழியில்லை. துணிப்பட்டை லக்கைத் தேய்க்கும் என்று சொல்பவர்கள் உண்டு, அதிலும் உண்மை இருக்கிறது: தேய்ப்பது பெரும்பாலும் துணியன்று, துணிக்கும் உலோகத்துக்கும் நடுவே சிக்கிய மணலும் தூசியும். கடற்கரைக்குப் போய் வந்த அன்றே பட்டையை உருவிக் கழுவிவிட்டால் இந்தத் தொல்லை மிகவும் குறையும். தங்கக் கடிகாரம் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், தங்கம் எஃகைவிட மென்மையானது. கடிகாரத்தின் முதுகில் கண்ணாடி பதித்து இயந்திரம் தெரியும்படி செய்திருந்தால், ஒற்றை நீளப் பட்டை அதை மறைத்துவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். என் கடிகாரத்தின் முதுகு மூடிய எஃகு என்பதால் எனக்கு அந்த இழப்பு இல்லை.

நிறத்துக்கு இவ்வளவு தூரம் கடந்து வந்த பிறகு ஒரே ஒரு குறிப்பு போதும். கறுப்பும் சாம்பலும் எந்த டயலுக்கும் பொருந்தும். அடர் சிவப்பும் அடர் நீலமும் வாங்கினால், நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்துவிட்டு அணியுங்கள். சாயம் விடும் பட்டை முதல் மழையிலேயே சட்டைக் கையின் பட்டியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது என் கையில் இருப்பது தங்க நிறக் கோடு ஒன்று நடுவே ஓடும் கறுப்புத் துணிப்பட்டை. வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போகும் முன் அதை உருவி, வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பு விட்டு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் கொக்கிக்கு அடியில் உள்ள மடிப்பை மட்டும் சற்று அழுத்தித் தேய்க்கிறேன். வியர்வை உப்பு வெள்ளையாகப் படிவது அங்கேதான். வெயிலில் போடாமல், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி முதுகில் தொங்கவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிடும். இரண்டு ஆண்டுகளில் கரை ஓர் இழைகூட எழவில்லை. சென்ற மாதம் நான் வழக்கமாக மாட்டும் நான்காவது துளையின் விளிம்பில் இரண்டு இழைகள் வெளியே வந்திருப்பதைக் கவனித்தேன். முள் இன்னும் உறுதியாகத்தான் நிற்கிறது, ஆனாலும் அதே பட்டையில் இன்னொன்றுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். அது வந்து சேரும்வரை வீட்டில் பெர்லானும் வெளியே போகும்போது அடிப்பட்டை வெட்டிய சாம்பல் நிற நேட்டோவும் போட்டுக்கொள்கிறேன்.